வாணிபமும் வைஷ்ணவமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதையின் இருமருங்கும் வயலும் ஏரியுமாய்க் கிடந்த சிற்றூர்கள் மெல்ல மெல்லக் கடைவீதிகளாகவும் தொழிற்கூடங்களாகவும் உருமாறின. குரோம் தோல் தொழிற்சாலை ஒன்றினால் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்னும் பெயர் நிலைத்தது. பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை, அனகாபுத்தூரின் கைத்தறிகள், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையின் நெருக்கமான கடைகள், 1984-ல் சானடோரியத்தின் அருகே தோன்றிய ஏற்றுமதித் தொழில் வளாகம் என்று இப்பகுதி முழுவதும் உழைப்பின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாக இவ்வூர்கள் இணைக்கப்பட்டபோது, ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த திருநீர்மலை திவ்யதேசமும் அதே மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்தது. வாணிபமும் வைகுந்தநாதன் ஸந்நிதியும் ஒரே ஊரில் உறைகின்றன. அவை ஒரே நெஞ்சில் உறைய இயலுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இவ்வினா பேராசைக்காரனுக்கு எழுவதில்லை, ஸந்நியாஸிக்கும் எழுவதில்லை. தன் தொழிலை உள்ளன்போடு நேசிக்கும் ஆஸ்திகனுக்கே எழுகிறது. குரோம்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கடைந்தெடுத்த இரும்புத் துண்டு அளவு பிசகாமல் பொருந்தும்போது அவர் அடையும் மகிழ்ச்சி பணத்தினால் வருவதன்று. இரவு பத்து மணிக்கும் அவர் பட்டறையை விட்டு எழ மனமின்றி இருக்கிறார். அவரே மார்கழி வைகறையில் திருப்பாவைக் கோஷ்டியில் நிற்கிறார். சாத்துமறை நடக்கிறது, நாவு பாசுரத்தைச் சேவிக்கிறது, நெஞ்சோ நேற்று முடியாமல் நின்ற வேலையைக் கடைந்துகொண்டிருக்கிறது. திடுக்கிட்டு மீள்கிறார். “இந்த நெஞ்சு யாருடையது? பெருமாளுடையதா, பட்டறையுடையதா?” என்னும் கேள்வி அவரை வருத்துகிறது. பட்டறையை மூடிவிடுவதே நேர்மை என்று ஒருநாள் தோன்றுகிறது. அதை நம்பியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களை நினைக்கையில் அதுவும் தர்மமாகத் தோன்றவில்லை. இத்தகையோருக்குப் பூர்வாசார்யர்கள் காட்டிய வழி யாது?

சாஸ்திரம் அளிக்கும் இடம்

முதற்கண், தொழில் என்பது பகவத் விஷயத்திற்குப் புறம்பானது என்னும் எண்ணம் சாஸ்திரங்களுக்கு உடன்பாடன்று. ஸ்ரீமத் பகவத்கீதையின் 18-ஆம் அத்யாயத்தில் உழவு, பசுக்காவல், வாணிபம் ஆகியவற்றையும் ஸ்வகர்மங்களின் வரிசையிலேயே கண்ணன் வைக்கிறான். தனக்குரிய கர்மத்தைக் கொண்டே, எல்லாவற்றையும் வியாபித்து நிற்கும் அப்பரமனை அர்ச்சித்து மனிதன் ஸித்தி பெறுகிறான் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டது. அர்ச்சனைக்குப் பூ எப்படியோ அப்படியே செய்தொழில் என்பது இதன் கருத்து.

மஹாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வரும் துலாதாரன் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். ஜாஜலி என்னும் தபஸ்வி அசையாது நின்று தவம் புரிந்தார். அவருடைய சடைமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறந்து போகும் வரையில் பொறுத்திருந்தார். தர்மத்தைத் தாம் அடைந்துவிட்டதாக அவர் செருக்குற்றபோது, “வாரணாசியில் உள்ள துலாதாரனுக்கு நீர் ஒப்பாக மாட்டீர்” என்று அசரீரி எழுந்தது. சென்று பார்த்தால், துலாதாரன் வாசனைப் பண்டங்களும் பிறவும் விற்கும் வணிகன். அவன் கையில் இருந்தது தராசு. தன் தராசு எல்லோருக்கும் ஒரே அளவாக நிற்பதைப் போலத் தன் மனமும் எவ்வுயிரிடத்தும் ஒரே நிலையில் நிற்பதாக அவன் எடுத்துரைத்தான். காட்டில் நின்ற முனிவருக்குக் கடையில் அமர்ந்த வணிகன் குருவானான். அவன் கடையை மூடிவிட்டுத் தர்மம் பயிலவில்லை. தராசிலேயே தர்மம் பயின்றான்.

ஐந்து காலங்களில் ஒன்று

ஸ்ரீபாஞ்சராத்ர ஆகமங்கள் பரமைகாந்திகளின் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கின்றன. வைகறையில் எம்பெருமானை அணுகித் தொழும் அபிகமனம், பின்னர் ஆராதனத்திற்கு வேண்டிய பொருள்களைச் சேகரிக்கும் உபாதானம், நடுப்பகலில் திருவாராதனமாகிய இஜ்யை, பிற்பகலில் சாஸ்திரங்களையும் அருளிச்செயலையும் பயிலும் ஸ்வாத்யாயம், இரவில் அவனையே தியானித்து அவனிடத்தில் ஒடுங்கும் யோகம் என்பன அவை. ஸ்வாமி தேசிகன் ‘ஸ்ரீபாஞ்சராத்ர ரக்ஷை’ என்னும் நூலில் இவற்றை விரிவாக நிரூபித்துள்ளார்.

இவ்வைந்தில் இரண்டாவதான உபாதானம் உற்று நோக்கத்தக்கது. பூவும் திருத்துழாயும் கொய்வது மட்டுமே உபாதானம் அன்று. திருவாராதனத்திற்கும், அதன் சேஷத்தை உண்டு வாழும் குடும்பத்திற்கும் வேண்டிய பொருளை நல்வழியில் ஈட்டுவதும் அதனுள் அடங்கும். ஆகவே பொருளீட்டும் நேரம் வழிபாட்டிலிருந்து திருடப்பட்ட நேரம் அன்று. வழிபாட்டின் ஓர் அங்கமே. இது பெரியதோர் ஆறுதல். ஆயினும் இந்த ஆறுதலுடன் ஓர் எல்லையும் சேர்ந்தே வருகிறது. ஐந்து காலங்களில் உபாதானம் ஒன்றே. அது மற்ற நான்கையும் விழுங்கிவிடுமாயின் உபாதானம் என்னும் பெயரையும் இழந்துவிடும். எதற்காகப் பொருள் சேர்க்கப்பட்டதோ அந்த ஆராதனமே நடவாதபோது, சேர்த்த செயலுக்கு ஆராதனத்தின் அங்கம் என்று எங்ஙனம் பெயரிட முடியும்?

மூவகைத் தியாகமும் தொழிற்பற்றும்

பகவத் ராமாநுஜர் தம் கீதா பாஷ்யத்தில், கர்மத்தை விடுவது தியாகம் அன்று என்றும், கர்மத்தைச் செய்துகொண்டே மூன்றினை விடுவதே தியாகம் என்றும் விளக்குகிறார். பலன் எனக்கு என்னும் எண்ணத்தை விடுவது பலத்தியாகம். இச்செயல் என்னுடையது என்னும் மமதையை விடுவது இரண்டாவது. செய்பவன் நானே என்னும் எண்ணத்தை விடுவது கர்த்ருத்வத் தியாகம். இந்த மூன்றும் சேர்ந்ததே ஸாத்விகத் தியாகம்.

தொழிலை நேசிப்பவரின் நிலையை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் ஒரு வியப்பான உண்மை புலப்படும். பணத்தின் மீது மட்டும் கண்ணுடைய வணிகன் முதற்படியிலேயே சிக்கிக்கொள்கிறான். அவனால் பலனை விட முடிவதில்லை. தொழிலை நேசிப்பவரோ முதற்படியை எளிதாகத் தாண்டிவிடுகிறார். சரக்கு நன்றாக அமையவேண்டும் என்பதற்காக இலாபத்தைக் குறைத்துக்கொள்ள அவர் தயங்குவதில்லை. ஒரு துண்டு அளவு தவறினால், வாங்குபவர் கண்டுபிடிக்கமாட்டார் என்று தெரிந்தும், அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று செய்து தருகிறார். இது பலத்தியாகத்தின் நிழல். ஆனால் அவர் சிக்குவது இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும். “என் பட்டறை, என் கைவண்ணம், நான் இல்லாவிடில் இது நடக்காது” என்னும் எண்ணங்கள் பண ஆசையைவிட நுண்ணியவை, பார்வைக்கு அழகியவை, ஆகவே அறுப்பதற்கு அரியவை. பண ஆசையைக் கண்டு வெட்கப்படும் மனம், இவற்றைக் கண்டு பெருமைப்படுகிறது. அபாயம் அங்கேதான் உள்ளது.

பூவிருந்தவல்லி வணிகரின் திருமகனார்

தாம்பரத்திற்கு வடமேற்கே உள்ள பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகளின் அவதார ஸ்தலம். மாசி மாதம் மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தில் வைசிய குலத்தில் தோன்றியவர் அவர். அவருடைய தந்தையார் புதல்வர்களுக்குப் பொருளைப் பங்கிட்டுக் கொடுத்து வாணிபம் செய்யப் பணித்தார் என்றும், மற்றவர்கள் முதலைப் பெருக்கிக் கொண்டுவர, நம்பிகள் தம் பங்கைப் பகவத் கைங்கர்யத்திலேயே செலவிட்டார் என்றும் பெரியோர் சொல்வர். பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்து, அங்குப் பூத்த மலர்களைக் காஞ்சிப் பேரருளாளனுக்குக் கொண்டு சேர்த்தார். திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தபோது பேரருளாளன் அவருடன் உரையாடுவானாம். ராமாநுஜரின் உள்ளத்தில் இருந்த ஐயங்களுக்கு ஆறு வார்த்தைகளாக விடை வந்ததும் நம்பிகளின் வாயிலாகவே. அந்தணரான ராமாநுஜர், வணிக குலத்தவரான நம்பிகளைத் தம் ஆசார்யராகவே கருதி அவர் உண்ட சேஷத்தைப் பெற விரும்பினார் என்பது ஸம்பிரதாயம் அறிந்த செய்தி.

இச்சரித்திரத்தை மேலோட்டமாகப் படிப்பவர், “வாணிபத்தை விட்டால்தான் பெருமாள் பேசுவார்” என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் சரித்திரத்தின் அடுத்த பகுதி வேறொன்றை உணர்த்துகிறது. நம்பிகள் ஒருநாள் தமக்கு மோக்ஷம் அருளவேண்டும் என்று பேரருளாளனிடம் விண்ணப்பித்தார். அவர் விசிறியதற்குத் தான் பேசியது ஈடாகிவிட்டது என்று பேரருளாளன் ஸாதித்துவிட்டான்! பற்றும் வரவும் நேராயின; கணக்கு முடிந்தது. வீடு பேற்றிற்குப் பாகவத ஸம்பந்தம் வேண்டும் என்பது அதனால் உணர்த்தப்பட, நம்பிகள் திருக்கோட்டியூர் சென்று, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் மாடு மேய்க்கும் பணியை மேற்கொண்டார் என்பது ஐதிஹ்யம்.

இதன் ஆழம் சிந்திக்கத்தக்கது. நம்பிகள் கடையை விட்டார். ஆயினும் கைங்கர்யத்திலேயே ஒரு கொடுக்கல் வாங்கல் நுழைந்துவிட முடியும் என்பதை அவரைக் கொண்டே எம்பெருமான் உலகுக்குக் காட்டினான். ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில், வரம் கேட்கும்படி நரஸிம்மன் பணித்தபோது, ஸ்வாமியிடம் கைம்மாறு எதிர்பார்ப்பவன் அடியான் அல்லன், வணிகனே என்று பிரஹ்லாதாழ்வான் மறுமொழி கூறுவதும் இதுவே. ஆகவே ஒருவன் வணிகனா அடியானா என்பதை அவன் அமரும் இடம் தீர்மானிப்பதில்லை. கடையில் அமர்ந்தவன் அடியானாக இருக்கலாம். கருவறை வாயிலில் நிற்பவன் வணிகனாக இருக்கலாம். “நூற்றெட்டுச் சுற்று வந்தேன், டெண்டர் கிடைக்கவில்லையே” என்று வருந்துபவர் தம் வாணிபத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார். விடவேண்டியது கடையை அன்று, இந்தக் கணக்கை.

அன்பை அழிக்காத ஆசார்யன்

தொழிலின் மீதுள்ள அன்பை என் செய்வது? வேரோடு பிடுங்க வேண்டுமா? இதற்கு விடையாக நிற்பது பிள்ளை உறங்காவில்லி தாசரின் சரித்திரம். உறையூரில் வாழ்ந்த மல்லர் அவர். தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவரங்கத் திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் குடை பிடித்துச் சென்றார். கண்டவர் நகைத்தனர். ராமாநுஜர் நகைக்கவில்லை. இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் ஈடுபடுவீரா என்று வினவி, பெரிய பெருமாளின் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். தாசர் அக்கண்களில் தோற்றார். ஆனால் பொன்னாச்சியை அவர் துறக்கவில்லை. இருவரும் சேர்ந்தே உடையவரின் திருவடிகளை அடைந்தனர். அன்பு செலுத்தத் தெரிந்த நெஞ்சு ஆசார்யனுக்குக் கிடைத்த நல்ல நிலம். களையெடுத்தார், நிலத்தைப் பாழாக்கவில்லை.

பட்டறையை நேசிப்பவருக்கும் இதுவே மருந்து. இரும்பைக் கடைந்து பொருத்தும்போது உண்டாகும் இன்பம் பாவம் அன்று. அந்த ஒழுங்கும் பொருத்தமும் உலகில் எவனுடைய ஸங்கல்பத்தால் உள்ளனவோ அவனை நோக்கி அவ்வின்பம் திரும்பவேண்டும். திரும்பினால், கோஷ்டியில் நிற்கையில் நெஞ்சு பட்டறைக்கு ஓடுவதைப் போலவே, பட்டறையில் நிற்கையில் கோஷ்டிக்கும் ஓடத் தொடங்கும்.

இத்தம்பதியரின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. உறங்கிக்கொண்டிருந்த பொன்னாச்சியின் ஒருபுறத்து நகைகளை, ராமாநுஜரின் ஏற்பாட்டின்படி சீடர்கள் கழற்றினர். வந்தவர்கள் பாகவதர்கள் என்று அறிந்த அவள், மறுபுறத்து நகைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். அவள் விழித்துக்கொண்டதாக அஞ்சிச் சீடர்கள் ஓடிவிட்டனர். இதைக் கேட்ட தாசர் அவளைக் கடிந்துகொண்டார். நகை தன்னுடையது, கொடுப்பவள் தான் என்னும் நினைவு இருந்ததனால் அன்றோ புரண்டாள், அவனுடைய பொருளை அவன் அடியார் கொள்கையில் சும்மா கிடந்திருக்கலாகாதா என்பது அவர் கருத்து. கொடையிலும் மமதையும் கர்த்ருத்வமும் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதனினும் நுண்ணிய எடுத்துக்காட்டு அரிது. கோயிலுக்கு டியூப் லைட் உபயம் செய்துவிட்டு, வெளிச்சத்தையே மறைக்குமளவு அதன்மேல் பெயரை எழுதி வைப்பவர்கள் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பது நலம்.

நீர்மலையும் நேர்வழியும்

திருநீர்மலையில் மலையடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற திருக்கோலத்திலும், மலைமேல் ரங்கநாதன் கிடந்த திருக்கோலத்திலும், சாந்த நரஸிம்மன் வீற்றிருந்த திருக்கோலத்திலும், உலகளந்த திரிவிக்கிரமன் நடந்த திருக்கோலத்திலும் ஸேவை ஸாதிக்கின்றனர். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த இத்தலத்திற்குத் திருமங்கையாழ்வார் எழுந்தருளியபோது மலையை நீர் சூழ்ந்திருந்ததனால், நீர் வடியும் வரை ஆறு மாத காலம் காத்திருந்து ஸேவித்தார் என்பது தல வரலாறு.

இவ்வாழ்வாரின் சரித்திரத்தில் வணிகர் பலர் தமக்கு வசதியான ஒரு பொருளைக் காண்பதுண்டு. அடியார்க்கு அமுது செய்விப்பதற்காக அவர் அரசனுக்குச் செலுத்தவேண்டிய கப்பத்தைச் செலவிட்டார். பின்னர் வழிப்பறியும் செய்தார். ஆகவே எவ்வழியில் ஈட்டினாலும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்று அவர்கள் துணிகின்றனர். இது பெரும்பிழை. எம்பெருமானே மணக்கோலத்தில் எதிரே வந்து பறிகொடுத்து ஆழ்வாரை ஆட்கொண்டது அவனுடைய திருவருள் விளையாட்டு. பிறர்க்கு விதித்த ஒழுக்கம் அன்று. கலப்படச் சரக்கு விற்ற பணத்தில் நடக்கும் ததீயாராதனம், வஞ்சிக்கப்பட்ட வாடிக்கையாளரின் பசியை ஆற்றுவதில்லை. தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு கட்டிய மண்டபத்தில் அத்தொழிலாளியின் நிழலும் விழும். உபாதான காலத்தில் நல்வழியில் ஈட்டிய பொருளையே ஆகமம் கேட்கிறது. தொகை இவ்வளவு என்று கேட்கவில்லை.

கடல் கடந்த சான்று

வணிகரும் வைஷ்ணவரும் ஒன்றாய் இருந்தனர் என்பதற்குக் கல்லில் பொறித்த சான்றும் உண்டு. பர்மாவின் பழந்தலைநகரான பகான் நகரில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. அங்கே நானாதேசி விண்ணகர் என்னும் பெயரில் ஒரு திருமால் கோயில் இருந்தது. நானாதேசி என்பது பல தேசங்களிலும் சென்று வாணிபம் செய்த பெருவணிகர் குழுவின் பெயர். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்னும் பெயர் தரித்த ஒருவர் அக்கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவிட்டு, நின்றெரிவதற்கு விளக்கும் கொடுத்ததைக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி கூறுகிறது. அதன் முகப்பில் பொறிக்கப்பட்டது முகுந்தமாலையின் ஒரு சுலோகம். பொருட்குவியலிலும் போகத்திலும் தனக்குப் பற்றில்லை, பிறவிதோறும் திருவடிகளில் மாறாத பக்தி ஒன்றே வேண்டும் என்பது அதன் கருத்து.

மரக்கலம் ஏறிச் செல்லும் வணிகர்களின் கோயிலில், பொருட்குவியலில் பற்றில்லை என்று பொறித்து வைத்ததை முரண்பாடு என்று சிலர் கருதலாம். அது முரண்பாடு அன்று. நாள்தோறும் பொருளைக் கையாளுபவருக்கே அந்தச் சொல் நாள்தோறும் தேவைப்படுகிறது.

துறந்தவர் கூறும் எச்சரிக்கை

இத்தனையும் கூறிய பின், மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஸ்வாமி தேசிகன் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார். விஜயநகர அரசவையிலிருந்து வித்யாரண்யர் விடுத்த அழைப்பை மறுத்து ‘வைராக்ய பஞ்சகம்’ அருளினார். கூரத்தாழ்வான் பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் நடந்தார். தொழிலையும் பக்தியையும் இசைவிக்க முடியும் என்றால் இப்பெரியோர் ஏன் துறந்தனர் என்னும் கேள்வி நியாயமானது.

உஞ்சவிருத்தியும் ஓர் உபாதானமே என்பது முதல் விடை. அவரவர் அதிகாரத்திற்கேற்ப உபாதானத்தின் உருவம் மாறுகிறது. தூய வழி, தேவைக்கு மிஞ்சாமை என்னும் அதன் இலக்கணம் மாறுவதில்லை. இரண்டாவது விடை கசப்பானது. சில தொழில்கள் எவ்வகையிலும் இசையமாட்டா. பொய் சொல்லாமல் நடக்கவே நடக்காத தொழில், பிறர் அழிவினாலேயே வளரும் தொழில் ஆகியவற்றுக்கு ஸாத்விகத் தியாகம் போர்வை ஆகாது. நல்ல தொழிலும் ஒருவரை முற்றிலும் விழுங்கி, இல்லத்தாரையும் நித்யகர்மத்தையும் உறக்கத்தையும் பறித்துக்கொண்டு, “இன்னும் ஓர் ஆண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆண்டுதோறும் சொல்ல வைக்குமாயின், அதைச் சுருக்கிக்கொள்ளவோ பிறரிடம் ஒப்படைக்கவோ வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியவேண்டும். நேசித்ததைச் சுருக்குவது வலிக்கும். வலிக்கவில்லை என்று கூறுபவர் நேசித்திருக்கமாட்டார்.

அன்றாட அநுஷ்டானம்

ஆஸ்திக வணிகர் நடைமுறையில் செய்யக்கூடியவை அரியன அல்ல. காலையில் கல்லாப்பெட்டியைத் திறக்குமுன், இச்செயலைப் பகவானே தன் உகப்புக்காகத் தன்னுடையதாகச் செய்வித்துக்கொள்கிறான் என்று ஸாத்விகத் தியாகம் செய்துகொள்வது முதலாவது. இரவில் கடையடைக்கும்போது, அவனே செய்வித்தான் என்று முடிப்பது அதன் இணை. இவ்விரண்டிற்கும் நடுவில் உள்ள நேரம் முழுவதும், இவ்விரு கரைகளுக்கு இடையே ஓடும் ஆறாகிவிடும். தொடக்கத்தில் அவனுடையது என்று சொல்லிவிட்டு, நடுவில் எடை குறைக்க எவருக்கும் கை கூசும்.

ஐந்து காலங்களையும் முற்றும் கைக்கொள்ள இயலாதவரும் அவற்றின் சாயலையேனும் காக்கலாம். விடியலில் ஸந்நிதி, பகலில் தளிகை அமுது செய்வித்து உண்ணல், மாலையில் ஒரு பாசுரத்திற்கேனும் பொருள் கேட்டல், படுக்குமுன் எல்லாவற்றையும் அவனிடம் வைத்துவிட்டு உறங்கல். கோஷ்டியில் நிற்கையில் நெஞ்சு கடைக்கு ஓடினால் அதற்காகக் கலங்கிக் கடையை வெறுக்க வேண்டியதில்லை. ஓடிய கன்றை மீண்டும் கொண்டுவந்து கட்டுவதைப் போலக் கட்டவேண்டும். நூறு முறை ஓடினால் நூறு முறையும் கட்டவேண்டும்.

கணக்குப் பேரேட்டில் பெருமாளின் பெயரால் ஒரு பற்று எழுதி, வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு, நல்ல வழக்கமே. ஆயினும் அந்தப் பங்கு மட்டும் அவனுடையது, மீதி தன்னுடையது என்று நினைத்தால் பொன்னாச்சி புரண்டு படுத்த கதையாகிவிடும். பேரேடு முழுவதும் அவனுடையது. அதில் தனக்கும் ஒரு பற்று எழுதிக்கொள்ள அவன் அநுமதிக்கிறான் என்பதே சேஷபூதனின் நினைவாக இருக்கத்தக்கது.

ஒப்படைக்கும் நாள்

இந்த நினைவு உள்ளத்தில் இறங்கியதா என்பதைச் சோதிக்கும் நாட்கள் எல்லோர்க்கும் வருகின்றன. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தின் பகுதிகளையும் சூழ்ந்தபோது, பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் நீரில் மூழ்கிற்று. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டு ஊரடங்கு வந்தபோது கடைக் கதவும் கோயில் கதவும் ஒரே மாதத்தில் மூடின. கடை மூடியதும் தாமே இல்லாமற் போனதைப் போல் தவித்தவர் உண்டு. இல்லத்தில் விளக்கேற்றி, தெரிந்த பாசுரங்களைச் சேவித்து, தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு இயன்ற அளவு படியளந்து, கதவு மீண்டும் திறந்தபோது பழைய அன்போடு தொழிலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. இருவரும் தொழிலை நேசித்தவர்களே. முன்னவர் தொழிலின்மேல் நின்றார். பின்னவர் எம்பெருமான்மேல் நின்று தொழிலைச் செய்தார். இதுவே வேறுபாடு.

வெள்ளமும் நோயும் வாராவிடினும், சாவியை வேறொரு கையில் கொடுக்கும் நாள் வந்தே தீரும். மகனோ, பங்காளியோ, நெடுநாள் உடனிருந்த தொழிலாளியோ அதைப் பெற்றுக்கொள்வர். அன்று, “இது என்னுடையது, நீ கெடுத்துவிடாதே” என்று நடுங்கும் கையோடு கொடுப்பவர் உண்டு. “இது நம் பெருமாளுடையது, இதுவரை நான் பார்த்துக்கொண்டேன், இனி நீ பார்த்துக்கொள்” என்று அமைதியாகக் கொடுப்பவரும் உண்டு. இரண்டாமவர் ஆவதற்கு அந்த ஒரு நாள் போதாது. காலையில் தொடங்கி இரவில் முடிக்கும் ஸாத்விகத் தியாகத்தை ஆயிரம் ஆயிரம் நாட்கள் பழகியிருக்க வேண்டும்.

நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்த ஆழ்வார் திருநீர்மலையை விட்டு அகலவுமில்லை, நீரை வெறுக்கவுமில்லை. தொழிலென்னும் நீர் சூழ்ந்த நெஞ்சுடையோரும் அவ்வாறே மலையைப் பார்த்தபடி தம் கடமையைச் செய்து வருவாராக. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் அங்கே காத்திருப்பவன், கடையடைத்துவிட்டுத் தாமதமாக வருபவரையும் கைவிடுபவன் அல்லன்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.